34 வயது கூடைப்பந்து சென்டருக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கிடைக்குமா?

12 சீசன் ஆடிய சென்டர் (கூடை அருகே ஆடும் உயரமான வீரர்), தொலைவிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட் இல்லை, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கஷ்டம்தான். மூத்த வீரரைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரே ஆண்டுக்கு எடுத்தால், அணியின் சம்பள வரம்புக் கணக்கில் இரண்டு ஆண்டு அனுபவக்காரரின் குறைவான தொகைதான் ஏறும். மீதியை லீக் ஏற்கும். இரண்டாவது ஆண்டைச் சேர்த்தால் அந்தச் சலுகை போச்சு.

சம்பளத்துக்கு உத்தரவாதம் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஜனவரி 7க்குள் கழற்றிவிடலாம்; விடுவிப்பு நடைமுறை முடிய நாள் பிடிக்கும். ஜனவரி 10 தாண்டினால் அந்த சீசனின் சம்பளம் முழுக்க உறுதி. சென்டர் ட்வைட் ஹோவர்ட் 2019 ஆகஸ்டில் லேக்கர்ஸ் அணியில் உத்தரவாதமில்லாமல்தான் கையெழுத்திட்டார். ரீபவுண்டு (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), ஸ்கிரீன் (சக வீரருக்காக எதிரணியை மறிப்பது) என்று உழைத்தே 2020 கோப்பையைத் தொட்டார்.

ஷாட் பழக வயது தடையில்லை: சென்டர் புரூக் லோபஸ் முதல் எட்டு சீசனில் கூடையில் விழவைத்த மூன்று புள்ளி ஷாட் மொத்தம் 3, 2016-17இல் மட்டும் 134!