யன்னலின் எந்தப் பக்கத்துக்காக இந்தப் படம்?

கேள்வி: ஒளிப்படப் போட்டி ஒன்றுக்கு ‘யன்னல்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் எல்லாம் வீட்டுத்திட்ட வீடுகள், யன்னல்களும் ஒரே மாதிரி. அம்மம்மாவை யன்னலடியில் இருத்தி எடுத்தால் முகம் கறுத்துப்போகிறது. முகத்தைச் சரியாக்கினால் வெளியே எல்லாம் வெளுத்துப்போகிறது. என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தருமபுரம், கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, இது உங்கள் போனின் பிழை இல்லை. மத்தியானத்தில் முற்றத்து வெளிச்சம் அறைக்குள் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு கூட. கண் இரண்டையும் சமாளிக்கும், ஒரே படம் சமாளிக்காது. ஆகவே அழுத்த முன்னமே ஒன்றைத் தீர்மானியுங்கள்: இந்தப் படம் உள்ளே இருப்பவருக்கா, வெளியே இருப்பதற்கா? பெரும்பாலான யன்னல் படங்கள் இரண்டுக்கும் ஆசைப்பட்டுத்தான் கெட்டுப்போகின்றன.

அம்மம்மாவுக்குத்தான் என்றால், அவர் யன்னலுக்கு முதுகு காட்டி இருக்கக் கூடாது. யன்னல் அவருக்குப் பக்கவாட்டில் வரட்டும். முகத்தை வெளிச்சப் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் யன்னல் இருக்கும் சுவரோடு ஒட்டி நின்று எடுங்கள். அப்போது யன்னல் படத்துக்குள் வராது, அல்லது ஓரம் மட்டும் வரும். அறை லைற்றை அணையுங்கள், இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் தோல் நிறம் கெடும். நிழல் விழும் கன்னம் மிகவும் இருண்டிருந்தால், அந்தப் பக்கத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் பிடிக்க ஆள் வையுங்கள். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு அதைச் சற்றுக் குறையுங்கள். சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

வெளிப்பக்கத்துக்கு என்றால், வெளியே பிரகாசமான இடத்தைத் தொட்டுப் பூட்டிவிட்டு உள்ளே இருண்டுபோக விடுங்கள். அம்மம்மா கரிய உருவமாக வருவார். அதற்கு அவர் பக்கவாட்டாகப் பார்க்க வேண்டும். மூக்கும் நாடியும் கொண்டையும் கம்பிகளோடு முட்டாமல் வெளிச்சத்துக்கு நேரே விழ வேண்டும். இருளும் வெளிச்சமும் இரண்டும் தெரியப் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும் போனின் எச்டிஆர் (HDR) வசதியை அப்போது நிறுத்திவிடுங்கள், அது கறுப்பைச் சாம்பலாக்கிவிடும்.

ஒளிப்படக் கலையே யன்னலடியில்தான் பிறந்தது. இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கமராப் படத்தை 1826 அல்லது 1827இல் பிரான்சில் நியெப்ஸ் எடுத்தார். தன் வீட்டு மேல்மாடி யன்னலுக்கு வெளியே பார்த்த காட்சி அது. 1835இல் இங்கிலாந்தில் டல்பொட் எடுத்த, இன்றும் இருக்கும் மிகப் பழைய நெகட்டிவ், யன்னலையே காட்டுகிறது. முத்திரை அளவுதான் இருக்கும். பிராக் நகரத்து ஒளிப்படக்காரர் சுடெக் 1940இலிருந்து, போர்க்காலத்தில், தன் ஸ்ரூடியோ யன்னலைத் திரும்பத் திரும்ப எடுத்தார். ஈரம் படிந்த கண்ணாடிதான் அவருக்குப் படம். வெளி, யன்னல், கண்ணாடி என்று மூன்று வழி உங்கள் முன்னால் இருக்கிறது. மாரி மழைக்கு மூன்றாவதைக் கட்டாயம் செய்து பாருங்கள். துளியில் போகஸ் வைத்தால் பின்னால் வயல் பச்சைக் கறையாக நிற்கும்.

வடக்கு யன்னலில் நேர்வெயில் விழாது, மென்மையான வெளிச்சத்துக்கு அதுவே நல்லது என்று வெளிநாட்டு வழிகாட்டிகளில் வாசித்திருப்பீர்கள். வன்னிக்கு அது முழுதாகப் பொருந்தாது. கிளிநொச்சி ஏறத்தாழ 9.4 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டையொட்டிச் சூரியன் நமக்கு நேர் உச்சியில் வந்து, பிறகு வடக்கே போய்விடும். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நேர்வெயில் படாதது தெற்கு யன்னல்தான். செப்டெம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி தாண்டும் வரை வடக்கு யன்னல். இடையில் உள்ள வாரங்களில் நீங்களே பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நேர்வெயில் வேண்டியதும் உண்டு: கம்பி நிழல். காலையில் கிழக்கு யன்னலால் விழும் கம்பி நிழலைப் பாருங்கள். கம்பிக்குக் கிட்ட உள்ள பொருளில் வெட்டியதுபோல் இருக்கும், எதிர்ச்சுவரில் மங்கிப் படரும். சூரியன் புள்ளி இல்லை, வட்டம். அதனால் கம்பியிலிருந்து ஒவ்வொரு மீற்றர் தள்ளிப்போகவும் நிழலின் ஓரம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் மங்கும். விரல் தடிப்புக் கம்பியின் கூர்மையான நிழல் வேண்டுமென்றால், முகத்தையோ கையையோ கம்பியிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். முகம் முழுக்கக் கோடு விழுந்தால் மறியல்காரர்போல் தெரிவார். கையில் மட்டும் விழட்டும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

‘ஒரே மாதிரி யன்னல்’ என்கிறீர்கள். அதை நான் ஒப்பமாட்டேன். இந்திய அரசு பணம் தந்த வீட்டுத்திட்டத்தில் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான் பணத்தைப் பகுதி பகுதியாகப் பெற்றுத் தாங்களே கட்டினார்கள். சுவர் ஒரே அளவாக இருக்கலாம். ஆனால் ஒரு வீட்டில் மரக்கதவு, ஒரு வீட்டில் வெறும் கம்பி, ஒரு வீட்டில் தகரம், இன்னொன்றில் உரப்பை, பழைய சேலை, தறப்பாள் துண்டு. காசு எந்த இடத்தில் முடிந்தது, பிறகு யார் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை அந்த யன்னல்கள் சொல்கின்றன. வீட்டுக்காரரிடம் கேட்டு, வெளியே நின்று, ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், போனைச் சுவருக்கு நேராகப் பிடித்து ஒவ்வொன்றாக எடுங்கள். போன் சரிந்தால் யன்னல் சரிவகமாகிவிடும். வெயில் இறங்கிய பிறகோ முகில் மூடிய நேரத்திலோ எடுத்தால் நிழல் ஒன்றுக்கொன்று மாறாது. இவற்றை வரிசையாக வைத்தால், தனிப்படம் ஒன்றைவிட நடுவர் கூடுதல் நேரம் நின்று பார்ப்பார்.

கூரையில்லாமல் நிற்கும் பழைய வீடுகளின் வெறும் யன்னல் நிலைகளும் உங்களை இழுக்கும். அவை யாரோ ஒருவரின் வீடு என்பதை மறக்க வேண்டாம். இன்னொன்று, முகமாலைப் பக்கம்போல் கண்ணிவெடி அகற்றும் இடங்கள் நமது மாவட்டத்தில் இருக்கின்றன. பற்றை மூடிய வளவுக்குள் எச்சரிக்கைப் பலகை இல்லை என்று நம்பி இறங்காதீர்கள். அந்த இடத்தில் தினமும் மாடு கட்டுகிற, விறகு பொறுக்குகிற ஊரவர் ஒருவரைக் கேளுங்கள். அவர் நடக்கும் தடத்தை விட்டு விலகாமல் நின்று எடுங்கள்.