அப்பாவுக்கு இரண்டு பிரஷர் மாத்திரையா?

தஞ்சாவூரில் டிஸ்சார்ஜ் ஆனபோது எழுதிக் கொடுத்த ஸ்டாம்லோவையும், அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாதாமாதம் மன்னார்குடி வீட்டுக்கே வரும் அம்லோடிபினையும் அப்பா சேர்த்தே போடுகிறார், கால் வீங்குகிறது, தலை சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சார், இரண்டும் ஒரே மருந்து. ஸ்டாம்லோ கம்பெனி வைத்த பெயர், அட்டையில் பொடி எழுத்தில் அம்லோடிபின் என்றுதான் இருக்கும். டோஸ் கூடினால் இந்த இரண்டு தொந்தரவும் வரலாம், ஆனால் கால் வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம் என்று வேறு காரணமும் உண்டு, அதனால் நீங்களாக முடிவு செய்யாமல் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னாலேயே டாக்டரைக் கேளுங்கள், ராத்திரியில் யாரும் கிடைக்காவிட்டால் மருத்துவ ஆலோசனைக்கு 104, மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸுக்கு 108. அப்புறம், நாட்டு மருந்து உட்பட வீட்டில் இருப்பதை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் அள்ளிப்போய் அவர் மேஜையில் கொட்டுங்கள். வெறும் சீட்டைக் காட்டினால் வீட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமும் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிவிடுங்கள்.