ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் சமூக ஊடகம் பயன்படுத்தினால் நன்மை உண்டா, கெடுதல்தான் அதிகமா?

நன்மை உண்டு. ஆனால் நன்மை என்று சொல்லப்படுவதில் முக்கால்வாசிக்குப் பிள்ளையின் பெயரில் தனிக் கணக்கே தேவையில்லை.

தொலைவில் இருக்கும் தாத்தா பாட்டியுடன் பேசுவது, படம் வரையப் பழகுவது எல்லாம் பெற்றோர் போனில், பக்கத்தில் உட்கார்ந்தே முடியும். என் அக்கா மகளுக்கு எட்டு வயது. காகிதக் கொக்கு செய்யும் வீடியோவில் ஒரு மடிப்பு பிடிபடாமல், அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு மடித்துக்கொண்டிருந்தாள். நல்ல கற்றல்தான். வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியது, அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் யாரோ பொம்மைப் பெட்டியைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்குக்கு இன்னும் இறக்கை வந்திருக்கவில்லை. பெரியவர்களே நிறுத்தத் திணறும் இடத்தில் எட்டு வயதுப் பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் எல்லாம் 13 வயது என்கின்றனவே, அது மனப்பக்குவத்தைப் பார்த்து வைத்ததா என்றால், இல்லை. 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைப் பெற்றோர் சம்மதமின்றி இணையத்தில் திரட்டக் கூடாது என்று அமெரிக்கா 1998-ல் சட்டம் போட்டது. சம்மதம் வாங்கும் தொல்லையே வேண்டாம் என்று நிறுவனங்கள் 13-ஐ வாசலாக வைத்துவிட்டன. ஆஸ்திரேலியாவோ 2025 டிசம்பர் 10 முதல் இதை 16 ஆக்கி, சிறுவர்கள் கணக்கு வைப்பதைத் தடுக்கும் பொறுப்பை நிறுவனங்கள் தலையிலேயே கட்டியிருக்கிறது.

பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்குத் திறந்து கொடுக்கும் பெற்றோர் நிறைய. ஒன்பது வயதுப் பிள்ளையைப் பதினெட்டு என்று பதிந்தால், தளம் அதைப் பெரிய ஆளாகவே நடத்தும். சிறுவர்களுக்கென்று வைத்த தடுப்புகள் பெரும்பாலும் அந்தக் கணக்குக்கு வராது.

அந்நியர் ஆபத்து பெரும்பாலும் மிரட்டலாகத் தொடங்குவதில்லை. விளையாட்டில் பாராட்டு வரும், பிறகு 'வேற ஆப்புக்கு வா', கடைசியில் 'அம்மாகிட்ட சொல்லாதே'. இந்த வரிசையைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். சீருடையில் பள்ளிப் பெயர் தெரியும் படத்தைப் போட வேண்டாம், இது பெற்றோருக்கும்தான்.

வகுப்புத் தோழர்களின் அரட்டைக் குழு வேறு தலைவலி. ஒரு பிள்ளையை இரவில் குழுவிலிருந்து நீக்குவார்கள், மறுநாள் வகுப்பில் யாரும் பேச மாட்டார்கள். ஆசிரியர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

ஏற்கெனவே கணக்கு இருக்கிறது என்றால், 13 வயது ஆகாத பிள்ளைக்கு அதை மூடிவிடுவதே என் யோசனை. 13 தாண்டியிருந்தால் முதலில் பிறந்த வருடத்தைச் சரிபாருங்கள், பிறகு கணக்கைத் தனிப்பட்டதாக்குங்கள், இருப்பிடம் காட்டுவதை அணையுங்கள். அசிங்கமாக ஏதாவது வந்ததென்று பிள்ளை வந்து சொன்னால் அன்றைக்குப் போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை சொல்லாது.