டிமென்ஷியா வந்தவரின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று வீட்டாருக்கு விளங்க வைக்கச் செயலிகள் உண்டா?

கேள்வி: அம்மாவுக்கு டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியூரில் இருக்கும் அண்ணன், ‘வயசானா மறக்கத்தான் செய்யும்’ என்கிறார். தொட்டுப் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி செயலியோ முப்பரிமாணப் படமோ இருக்கிறதா?

இருக்கிறது. அது உங்கள் அம்மாவுக்கு இல்லை, அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கு.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் அத்தைக்கு, அதாவது என் கணவரின் அம்மாவுக்கு, அல்சைமர். டிமென்ஷியாவில் அதிகம் பேருக்கு வருவது இந்த வகைதான். மாமாவுக்கு ஒரு பெரிய ஆற்றாமை. “நேத்து பேரன் வந்தது மறந்துட்டாம். அம்பது வருசத்துக்கு முந்தி எங்க அக்கா சொன்ன சொல்லு மட்டும் மறக்கலையாம். வேணும்னே பண்ணுதா” என்பார். நான் எவ்வளவு சொல்லியும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. படம்தான் ஒப்ப வைத்தது.

அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் தன் இணையதளத்தில் ‘பிரெயின் டூர்’ ஒன்றை இலவசமாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு படமாகத் தட்டித் தட்டிப் போகலாம். நல்ல மூளையின் குறுக்குவெட்டும் நோய் முற்றிய மூளையின் குறுக்குவெட்டும் அருகருகே வரும். நோய் முற்றியதில் மூளையின் வெளி அடுக்கான புறணி சுருங்கி, நடுவில் திரவம் நிற்கிற அறைகள் அகன்று கிடக்கும். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. அப்புறம் பீரோவிலிருந்து அத்தையின் ஸ்கேன் ஃபிலிமை எடுத்துவரச் சொல்லி, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். டாக்டர் பேனாவால் வட்டம் போட்டிருந்த இடம் ஹிப்போகேம்பஸ். புது நினைவு பதிவதற்கு அதுதான் வேண்டும். அல்சைமரில் முதலில் அடிபடுகிற இடங்களில் அதுவும் ஒன்று. பழைய நினைவுகள் நாளடைவில் புறணி முழுக்கப் பரவிப் பதிந்துவிடுவதால் அவை கூடுதல் காலம் தாங்கும்.

இதையே பிரிட்டனின் அல்சைமர் சொசைட்டி புத்தக அலமாரியை ஆட்டிக் காட்டி விளக்கும். நாங்கள் பாத்திர ஸ்டாண்டை எடுத்துக்கொண்டோம். மேல்தட்டில் டம்ளர்கள், அவை நேற்றைய சேதி. அடித்தட்டில் பித்தளைக் குடம், அது இளவயது நினைவு. பையன் ஸ்டாண்டைப் பிடித்து ஆட்டினான். டம்ளர்கள் உருண்டு விழுந்தன, குடம் அசையவில்லை. கொக்கிரகுளம் அறிவியல் மையத்தில் பொத்தானை அழுத்தி, கைப்பிடியைச் சுற்றிப் பழகின பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடுகிறது. பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களையே விடுங்கள்.

அடுத்தது, பிரெயின்ஃபேக்ட்ஸ் தளத்தின் முப்பரிமாண மூளை. விரலால் திருப்பி, வேண்டிய பகுதியை மட்டும் தனியே பார்க்கலாம். ஹிப்போகேம்பஸின் முன்நுனியை ஒட்டி அமிக்டலா இருப்பதைக் காட்டுங்கள். உணர்ச்சிகளில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2014-ல் அயோவா பல்கலைக்கழகத்தார் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியான படத்துண்டுகளையும் காட்டினார்கள். பார்த்த படம் மறந்த பிறகும் அந்த வருத்தமும் சந்தோஷமும் அவர்களிடம் நீடித்தன. எங்கள் வீட்டை மாற்றியது இந்த ஒரு விஷயம்தான். ‘இப்பதானே சாப்பிட்டீங்க’ என்று மல்லுக்கட்டினால் சண்டை மறந்துபோகும், மனவருத்தம் நிற்கும். ஏன் என்று தெரியாமலே சாயங்காலம் வரை முகம் வாடியிருக்கும். இப்போது யாரும் எதிர்வாதம் செய்வதில்லை. ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுகிறோம்.

‘எ வாக் த்ரூ டிமென்ஷியா’ என்பது அல்சைமர்ஸ் ரிசர்ச் யுகே 2016-ல் வெளியிட்ட மெய்நிகர் செயலி. டிமென்ஷியா வந்தவரின் கண்ணால் சுற்றுப்புறத்தைக் காட்டும். சூப்பர் மார்க்கெட், தெரு, வீடு என்று மூன்று காட்சிகள். யூடியூபில் கிடைக்கும், ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். பேச்சு ஆங்கிலம், கடைத்தெரு லண்டன் சாயல். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். வீட்டில் டீ போடுகிற காட்சி மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

நோய் வந்தவரின் திணறலை நாமே உணர்ந்து பார்க்க, கையுறை, மங்கல் கண்ணாடி, காதில் இரைச்சல் வைத்துச் செய்யும் பயிற்சிகளும் உண்டு. எளிதாக நாங்களே ஒன்று செய்தோம். டிவி சீரியலைச் சத்தமாக வைத்துவிட்டு, தோட்டவேலைக் கையுறையோடு மாமாவிடம் ஒரே மூச்சில் ஐந்து வேலை சொன்னோம். சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் மிச்ச நாலும் போய்விட்டது. அதிலிருந்து அத்தையிடம் பேசும் முன் டிவியை அணைக்கிறார், ஒரு நேரத்துக்கு ஒன்றுதான் சொல்கிறார். ஆனால் இந்த மாதிரிப் பயிற்சியை அளவோடு வையுங்கள். பத்து நிமிடத் திணறல் பயத்தைத்தான் காட்டும். அத்தை இன்னமும் பூக்கட்டுகிறார், தேவாரம் பிசகாமல் பாடுகிறார். அதை எந்தக் கையுறையும் காட்டாது.

மறதியை நிறுத்தும் என்று விற்கிற மூளை விளையாட்டுகளுக்குப் பணம் கட்டாதீர்கள். அப்படி விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 2016-ல் 20 லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது. செயலியை வைத்து நோயை முடிவு செய்யவும் கூடாது. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. அந்தப் பரிசோதனைகள் எல்லாம் ஆகிவிட்டனவா என்று டாக்டரிடம் கேளுங்கள். மற்ற உதவிக்கு முதியோர் உதவி எண் 14567.

உங்கள் அண்ணனுக்கு லிங்க்கை மட்டும் அனுப்பினால் திறக்காமலே விட்டுவிடுவார். வீடியோ காலில் கூட இருந்து அந்தக் குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டுங்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒரு வாரம் தங்கி, ராத்திரி அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவரிடம் கொடுங்கள்.