நகையை எடுப்பதற்கு முன் பாலிடெக்னிக் வரை போய் வாருங்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் நான்கு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். மகன் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ சயன்ஸ் முடித்திருக்கிறான், 64 சதவீதம். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் சீட் வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். நான்கு வருடத்துக்கு 9 லட்சம். சீட்டு எடுத்த 3 லட்சம் கையில் இருக்கிறது. மீதிக்குக் கல்விக் கடனா, வீட்டில் இருப்பவரின் நகையா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம்.

கடன் கணக்கைப் பார்த்துவிடுவோம். வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வீதம் 6 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அப்போது பாக்கி சுமார் 8.1 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 10,700 ரூபாய் கட்ட வேண்டும். முதல் வேலையில் 15,000 சம்பளம் வாங்கும் பையனால் அதைக் கட்ட முடியாது. அப்புறம் பால் காசுதான் போகும்.

உங்கள் மகனுக்கு வேறு வழி இருக்கிறது. பிளஸ் டூவில் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி படித்தவர்கள் கேரளாவில் லேட்டரல் என்ட்ரியில் நேராக டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் சேரலாம். பாலக்காடு அரசு பாலிடெக்னிக் உங்களுக்குப் பக்கம்தான். மதிப்பெண் வரிசைப்படிதான் இடம், அதனால் அறிவிப்பு வந்த உடனே விண்ணப்பியுங்கள். இரண்டே வருடத்தில் கையில் டிப்ளமோ. அதற்கு மேல் பி.டெக். ஆசை இருந்தால், அங்கேயும் இரண்டாம் வருடத்தில் சேரும் வழி திறந்தே இருக்கிறது.

ஆனால் டிப்ளமோ முடித்த கையோடு பி.டெக். போகாமல், ஒரு வருடம் அப்ரென்டிஸ் ஆக, அதாவது கம்பெனியில் வேலை பழகுபவராக, போகச் சொல்வேன். பள்ளியில் படித்ததற்கும் பட்டறையில் கேட்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியை அந்த ஒரு வருடம் அடைத்துவிடும். எத்தனையோ பிள்ளைகள் பட்டத்தோடு வந்து அந்த இடைவெளியிலேயே நின்றுவிடுகிறார்கள், பார்க்கவே வேதனையாக இருக்கும். 1961-ம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் இதற்கு உதவித்தொகையும் உண்டு. 2019-ல் திருத்திய விதியில் டிப்ளமோ படித்தவருக்கு மாதம் குறைந்தது 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையும் கோவை பம்ப்செட் கம்பெனிகளும் உங்களுக்கு எட்டும் தூரம்தானே. சேரும்போது ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு இல்லாமல் "டிரெயினிங்" என்று வேலை வாங்கும் இடங்களும் உண்டு, அங்கே சேர விடாதீர்கள்.

தமிழ் மீடியம் என்று தயங்க வேண்டாம். உங்கள் சித்தூர் தாலுகா பிள்ளைகளுக்கு மலையாளமும் வரும். இங்கிலீஷ் டெக்னிக்கல் சொற்களை முதல் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வான்.

3 லட்சத்தில் 60,000-ஐ ஃபீஸ், பஸ், புத்தகத்துக்கு சேமிப்புக் கணக்கில் வையுங்கள். மீதி 2.4 லட்சத்தை வங்கியில் இரண்டு எஃப்.டி.யாகப் பிரித்துப் போடுங்கள், மாட்டுக்கு ஏதாவது வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். ஏஜென்ட் அட்வான்ஸ் கேட்டால், லேட்டரல் என்ட்ரி ரேங்க் லிஸ்ட் வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.