உயரம் ஏற ஏற யார் மிஞ்சுகிறார்கள்? மலைப் புல்வெளிப் பறவைகள் பற்றிய கேள்வி பதில்

நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் நெடுநாளாகப் பறவைகளைக் கணக்கெடுத்து வரும் பறவை ஆர்வலர் ஒருவர் மற்றவர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள் இவை.

கேள்வி: நீலகிரியின் அவலாஞ்சிக்கு மேலுள்ள புல்வெளியில் இரண்டு மணி நேரம் நின்றும் ஆறு வகைப் பறவைகளைத்தான் கண்டேன். மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் அதே நேரத்தில் முப்பதைத் தாண்டிவிடும். உயர்ந்த புல்வெளி வளம் குறைந்த இடமா? (கல்லூரி மாணவி, திருப்பூர்)

உங்கள் எண்ணிக்கையில் பிழை இல்லை. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை செல்சியஸ் குறையும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியும்போது உறைபனியால் புல் முழுவதும் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். வெயில் ஏறி அது கரையும்வரை பூச்சிகள் அசைவதில்லை, பூச்சி தின்னும் பறவைக்கும் வேலை இல்லை. மேலும், காட்டில் தரை, புதர், அடிமரம், கிளை, உச்சி என்று தளத்துக்குத் தளம் வெவ்வேறு பறவைகள் பிழைக்க, புல்வெளியில் இருப்பதோ ஒரே தளம். ஆகவே வகைகள் குறைவது இயல்பு. ஆனால் நீங்கள் கண்ட ஆறில் நீலகிரி நெட்டைக்காலி இருந்திருந்தால், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவையைப் பார்த்திருக்கிறீர்கள். மேட்டுப்பாளையத்தின் மைனாவையும் காகத்தையும் நாட்டின் பெரும்பகுதியில் பார்க்கலாம். வகைகளை மட்டும் எண்ணுவது, பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்று கணக்கிட்டுவிட்டு, உண்டவர் யார் என்று கேட்காமல் வருவதைப் போன்றது.

கேள்வி: எல்லா மலைகளிலும் இப்படி நேராகக் குறைந்துகொண்டே போகுமா?

இல்லை. இமயமலை உள்ளிட்ட பல மலைகளில் வகைகள் முதலில் கூடி, நடுத்தர உயரத்தில் உச்சத்தைத் தொட்டுப் பின்னரே குறைகின்றன.

கேள்வி: நீலகிரி நெட்டைக்காலியையும் வயல் நெட்டைக்காலியையும் எப்படிப் பிரித்தறிவது? இரண்டும் பழுப்பாகவே தெரிகின்றன. (ஆசிரியர், கோத்தகிரி)

நானும் தொடக்கத்தில் பல முறை ஏமாந்திருக்கிறேன். வயல் நெட்டைக்காலி நீண்ட கால்களுடன் நிமிர்ந்து நிற்கும். அதன் கோடுகள் மேல்மார்போடு நின்றுவிடும். நீலகிரி நெட்டைக்காலியின் அடிப்பகுதி செறிந்த மங்கல் மஞ்சளாக இருக்கும். முதுகில் அடர்ந்த கருங்கோடுகள் ஓடும். மார்புக் கோடுகள் விலாப்பக்கம் வரை நீளும். ஓடை ஓரத்துச் சதுப்பையும் புல் கற்றைகளின் இடைவெளியையும் பொறுமையாகப் பாருங்கள். அது தரையோடு தரையாக நடந்துகொண்டிருக்கும். நாம் கிட்டே நெருங்கிய பிறகே எழும்பும்.

கேள்வி: ஒரே உயரம், ஒரே வகைப் புல்வெளி, ஒரே வகைச் சோலை (மலைப் பள்ளங்களில் வளரும் குட்டை மரக் காடு). இருந்தும் கொடைக்கானலில் காணும் சோலைக்கிளி ஊட்டியில் இல்லையே, ஏன்?

உயரத்துக்கு விடை பள்ளத்தில் இருக்கிறது. இரு மலைகளுக்கும் இடையில் கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய், குளிர்ச்சியை விட்டு இறங்காத பறவைகளுக்குக் கடலைப் போன்றது. அதனால் வடக்கே நீலகிரிச் சோலைக்கிளி, தெற்கே வெண்வயிற்றுச் சோலைக்கிளி என இரு இனங்களாகப் பிரிந்து நிற்கின்றன. இவற்றுக்கெனத் தனிப் பேரினம் 2017இல்தான் வகுக்கப்பட்டது. (இது கிளியே அன்று, சோலையில் வாழும் சிறு பறவை; மலையாளத்தில் பறவை எதையும் கிளி என்பார்கள்.)

கேள்வி: எங்கள் பகுதியில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வளர்ந்த பிறகு பறவைகள் கூடியிருக்கின்றன. பிறகு ஏன் புல்வெளியில் மரம் நடுவதை எதிர்க்கிறீர்கள்? (தோட்ட உரிமையாளர், கொடைக்கானல்)

கூடியிருக்கலாம், ஆனால் கூடியவை எவை? செம்மீசைச் சின்னான் போன்ற, மரமோ புதரோ கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும் பறவைகள் வந்திருக்கும். திறந்த புல்லை நம்பிய நெட்டைக்காலி வெளியேறியிருக்கும். கூட்டல் கழித்தலில் எண்ணிக்கை உயர்ந்தே தெரியும். பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. அங்கே பரவியவை பெரும்பாலும் மரத்தோட்டங்களும் விளைநிலங்களுமே. புல்வெளியை வெற்று நிலம் என்று எழுதிவைத்த பழைய கணக்கின் விளைவு இது என்பேன். கீழே இடம் போனால் மேலே ஏறலாம் என்பதும் நெட்டைக்காலிக்குப் பொருந்தாது. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், அங்கே அதற்குமேல் ஏற மலை இல்லை.

கேள்வி: பள்ளி மாணவர்களோடு வெவ்வேறு உயரங்களில் கணக்கெடுக்க விரும்புகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஒவ்வோர் உயரத்திலும் ஒரே அளவு நேரம், ஒரே எண்ணிக்கையிலான நிறுத்தங்கள் என வைத்துக்கொள்ளுங்கள். கீழே மூன்று மணி நேரம், மேலே அரை மணி நேரம் என்றால் உங்கள் அட்டவணை மலையைப் பற்றி எதுவும் சொல்லாது. சோலை ஓரத்தில் நின்று கேட்ட, சோலைப் பறவையான சிரிப்பானின் குரலைப் புல்வெளிப் பட்டியலில் சேர்க்காதீர்கள். குளிர்காலத்தில் தாழப் பறந்து வேட்டையாடும் பூனைப்பருந்துகள் வலசை வந்தவை. அவற்றைத் தனியே குறியுங்கள். மூடுபனி இறங்கினால் கணக்கை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இருபது மீட்டருக்கு அப்பால் தெரியாத காலையில் கிடைத்த பூச்சியத்துக்குப் பொருளில்லை.