வாசகர் கேள்வி பதில்: சுங்கை சிப்புட் தந்த தேசியத் தலைவர்

(மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவராகவும் மலேசிய அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பற்றி, அவர் பிறந்த பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கடிதங்களுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம்.)

கேள்வி: ஐயா, நான் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவன். அமைச்சர் பதவியில் இருந்தவருக்குத் தோட்டம் வாங்கும் சங்கம் தொடங்கும் எண்ணம் எப்படி வந்தது? என் பேரப்பிள்ளைகளுக்கு விளக்க முடியவில்லை.

பதில்: தோட்டத் துண்டாடல் என்ற சொல்லிலிருந்து தொடங்கினால் பேரப்பிள்ளைகளுக்குப் புரியும். நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கிய வணிகர்களில் பலர் தோட்டத்தை முழுதாக நடத்த விரும்பாமல், சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்று இலாபம் பார்த்தார்கள். துண்டு நிலத்தை வாங்கியவருக்கு நூற்றுக்கணக்கான ஆட்கள் தேவைப்படவில்லை. ஆகவே வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் (தோட்டத்து வரிசைக் குடியிருப்பு), பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளியும், கும்பிட்ட கோயிலும் கேள்விக்குறியாயின. பெரிய துரை கையெழுத்திட்ட ஒரு தாளினால் ஓர் ஊரே கலைந்துபோகக்கூடிய நிலை அது.

இதற்குச் சம்பந்தன் கண்ட மாற்று, 1960இல் உருவான தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். நூறு வெள்ளி (மலாயாவின் அன்றைய நாணயம்) மதிப்புள்ள பங்கை மாதம் பத்து வெள்ளித் தவணையில் தொழிலாளியே வாங்க வேண்டும். அப்படிச் சேரும் பணத்தைக் கொண்டு, விலைக்கு வரும் தோட்டங்களைச் சங்கம் துண்டாடாமல் முழுதாக வாங்கி நடத்த வேண்டும் என்பதே திட்டம். பத்து வெள்ளி என்பது அன்றைய நாட்கூலிக்காரருக்கு ஏறக்குறைய மூன்று நான்கு நாள் உழைப்பு. அதைக் கேட்டு வாங்குவதற்காக ஓர் அமைச்சர் தோட்டம் தோட்டமாகப் போய், மரத்தடியில் நின்று பேச வேண்டியிருந்தது. கங்காணிக்கும் செட்டிக்கும் வட்டி கட்டியே பழகியவர்கள் தம் சேமிப்பை நம்பி ஒப்படைத்தார்கள் என்பதைத்தான் அவருடைய ஆகப் பெரிய அரசியல் வெற்றியாக நான் கருதுகிறேன். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. (பங்குச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்திய வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.)

கேள்வி: நான் மகாத்மா காந்தி கலாசாலையில் படிக்கும் மாணவி. எங்கள் பள்ளிக்குக் காந்தி பெயர் வந்ததற்கும் துன் சம்பந்தனுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, மகளே. தமிழகத்திலிருந்து வந்து ரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்த வீராசாமி என்பவரின் மகனாக, 1919 ஜூன் 16ஆம் நாள் உங்கள் ஊரில்தான் அவர் பிறந்தார். கோலகங்சார் கிளிஃபோர்டு பள்ளியில் படித்துவிட்டுச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இந்திய விடுதலை இயக்கத்தின் சூட்டை அங்கே நேரில் உணர்ந்தார். ஊர் திரும்பிய பின் உங்கள் பள்ளியை எழுப்புவதில் அவர் முன்னின்று உழைத்தார். 1954இல் அதைத் திறந்துவைத்தவர் எட்வினா மவுண்ட்பேட்டன் சீமாட்டி. திறப்பாளராக இந்தியாவின் கடைசி வைஸ்ராயின் மனைவி, பெயராகக் காந்தி என்ற இந்த இணைப்பை உங்கள் வரலாற்று ஆசிரியரிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். நல்ல பாடமாக அமையும்.

கேள்வி: அவர் ஒரு நாள் பிரதமராக இருந்தார் என்கிறார்களே?

பதில்: 1973இல் ஒரு நாள் பிரதமர் பொறுப்பைக் கவனித்தார். அது தற்காலிகப் பொறுப்பு மட்டுமே. அதைவிட, 1955 முதல் தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி மற்றும் தபால் தந்தி, தேசிய ஒற்றுமை எனப் பல துறைகளை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வகித்ததே குறிப்பிடத்தக்கது.

கேள்வி: அத்தனை செய்தவரை ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) ஏன் 1973இல் தலைமையை விட்டு இறங்கச் செய்தது?

பதில்: கசப்பான கேள்வி, ஆனால் கேட்க வேண்டியதுதான். 1955இல் அவர் தலைவரானபோது, அவ்வாண்டுத் தேர்தலில் பதிவு பெற்ற வாக்காளர்களில் மலாய்க்காரர்கள் 84 விழுக்காட்டினர்; இந்தியர் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே கூட்டணித் தோழர்களோடு, குறிப்பாக நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மானோடு, நட்பாக இருந்து பெறுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவர் எண்ணியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்த மென்மைக்கு ஒரு விலை இருந்தது. 1969 வாக்கில், குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர்கள் வேலை அனுமதிச் சிக்கலில் மாட்டி ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, கட்சித் தலைமை போதிய அளவு குரல் எழுப்பவில்லை என்ற குறை எழுந்தது. அக்குறையில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். துங்கு 1970இல் பதவி விலகிய பிறகு கோலாலம்பூரில் சம்பந்தனுக்கு இருந்த பிடிமானமும் தளர்ந்தது. கட்சிக்குள் நெடுநாள் புகைந்துகொண்டிருந்த பூசல் வெளிப்படையாயிற்று. இறுதியில் துணைத் தலைவர் வீ. மாணிக்கவாசகத்திடம் தலைமையை ஒப்படைத்தார்.

அதற்குப் பிறகு 1974 பொதுத்தேர்தலில் சுங்கை சிப்புட் தொகுதி அதே கட்சியைச் சேர்ந்த சாமிவேலுவின் கைக்குப் போயிற்று. சம்பந்தன் தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவரானார். 1979 மே 18ஆம் நாள் காலமானார். கட்சி கைவிட்டுப் போன பின்னும், தொழிலாளரின் பத்து வெள்ளியில் எழுந்த சங்கத்தோடு அவருக்கிருந்த உறவு கடைசிவரை அறுபடவில்லை.